பள்ளிக்கூடம் போன பை

"என் பேரை அடிச்சிருங்க டீச்சர்" என்றாள் ஆவுடையம்மாள்.

கனி டீச்சர் கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. திரையில் மீசை வைத்த ஒருவரின் முகம் இருந்தது. அதற்கு மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்கு அவள் நிறம் தேடிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா?"

"எனக்கு இது வராது. எட்டாங்கிளாஸையே பாதியில விட்டவ நான். இதையும் விட்டுட்டுப் போறேன். போறவ பேரு நோட்டுல எதுக்குக் கெடக்கணும்?"

டீச்சர் நீலத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறத்தைப் போட்டாள். மீசைக்காரர் கொஞ்சம் நிம்மதியாகத் தெரிந்தார்.

"படத்தைப் போடுங்க. பாப்போம்."

நூலகக் கட்டிடத்து மாடியில் பெண்களுக்கு அந்த வகுப்பு நடந்தது. ஆறு மாதம். செல்போனில் படம் எடுக்கவும், எடுத்த படத்தில் வித்தை காட்டவும், போஸ்டர் செய்யவும் சொல்லித் தந்தார்கள். பழைய கணினி நாலு. படிக்க வந்தவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் கல்லூரிக்குப் போகிறவர்கள், இல்லை போய் முடித்தவர்கள். ஒன்பதாவது ஆள் ஆவுடை.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. கனி டீச்சருக்கு இருபத்தைந்து. கீழே பிளெக்ஸ் கடை வைத்திருந்தாள். பூப்பு நீராட்டு, காதுகுத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் தொங்குகிற தட்டியெல்லாம் அவள் கையால் ஆனவை. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவாள். அதனால் அவளை எல்லாரும் திமிர் பிடித்தவள் என்றார்கள். ஆவுடைக்கு மட்டும் அப்படித் தோன்றியதில்லை. பத்து வார்த்தையும் தானே பேசிவிடுவதால் மிச்சம் ஒன்று போதும் என்று இருந்தது.

வகுப்பு மூன்று மணிக்கு. வந்ததும் டீச்சர் நோட்டைத் திறந்து பேர் கூப்பிடுவாள். ஆவுடை மேல்நிலைப் பள்ளியில் சத்துணவு உதவியாளர். பிள்ளைகள் சாப்பிட்டு, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து, இடத்தைப் பெருக்கி, ஓட்டமும் நடையுமாக மாடிப்படி ஏறும்போது மூன்றரை ஆகிவிடும். அவள் பேருக்கு நேரே டீச்சர் ஒரு புள்ளி வைத்திருப்பாள். அவ்வளவுதான். நோட்டில் முதல் பேரே அவளுடையது. அந்தப் பேருக்கு இதுவரை ஒரு நாளும் அவள் வாய் திறந்து பதில் சொன்னதில்லை.

கடைசி வேலையாக எல்லாரும் ஒரு நிமிஷப் படம் ஒன்று எடுக்க வேண்டும். டீச்சர் வைத்த கட்டளை ஒன்றே ஒன்று.

"இருக்கிற ஒண்ணு படத்துல இல்லாமப் போகணும்."

ஜெமிலா என்ற பெண் தன்னோடு தானே கேரம் விளையாடினாள். இன்னொருத்தி தம்பியின் தலையைக் கழற்றி அவன் மடியில் வைத்தாள். அம்மாக்காரி அதைப் பார்த்துவிட்டு அவளுக்கு மூன்று நாள் சோறு போடவில்லை என்று பேச்சு.

ஆவுடை எடுத்தது ஒரு பையின் கதை.

அவளுக்குப் பதின்மூன்று வயதாகும்போது அம்மாவுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. ஆடு பத்திக்கொண்டு போக ஆள் இல்லை. ஆவுடையின் மஞ்சள் துணிப்பை சுவரில் ஆணியில் தொங்கியது. ஆட்டுக்குப் பின்னால் நடக்கும்போதெல்லாம் அவள் ஒன்றை நினைத்துக்கொள்வாள். நான் இல்லாவிட்டால் என்ன, பை இந்நேரம் ஆணியிலிருந்து இறங்கித் தானே பள்ளிக்கூடம் போயிருக்கும். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். கணக்குப் போடும்.

வகுப்பில் இதை அவள் சிரிப்புக்காகத்தான் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "இதை எடுங்க" என்றாள்.

எடுத்தாள். பை ஆணியிலிருந்து இறங்கியது. தெருவில் போனது. டீக்கடை முன்னால் கொஞ்சம் நின்று வேடிக்கை பார்த்தது. எல்லாம் நைலான் நூலில் தப்பித்துவிட்டது. கடைசி ஷாட்தான் கழுத்தை அறுத்தது. அவள் படித்த, இப்போது வேலை செய்கிற அதே பள்ளியின் எட்டாம் வகுப்பறைக்குள் பை மிதந்து வந்து பெஞ்சில் உட்கார வேண்டும். அந்த அறையில் நூல் கட்ட இடம் இல்லை. பையை ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டி, கம்பைப் பேச்சித்தாய் பிடித்துக்கொண்டாள்.

பேச்சித்தாய் அதே சத்துணவுக் கூடத்தில் சமையல்காரி. அந்தக் காலத்தில் அதே எட்டாங்கிளாஸில் ஆவுடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். பத்துவரை படித்தாள். "அதான் கரண்டி என் கையில, தொடப்பம் உன் கையில" என்று வாரம் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவாள்.

படம் திரையில் ஓடியது.

பை வந்தது. அதன் பின்னாலேயே கம்பும், கண்ணாடி வளையல் போட்ட கையும், பேச்சித்தாயின் பாதி உடம்பும் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு ஓட்டை வந்தது. சில இடங்களில் ஆவுடை பக்கத்துச் சுவரை வெட்டி ஒட்டியிருந்தாள். சுவருக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

"ஒரு நொடிக்கு இருபத்தஞ்சு படம் டீச்சர். பதினாறு நொடி. நானூறு படம். பதினோரு நாளா அழிக்கேன், நாப்பத்துமூணுதான் முடிஞ்சிருக்கு. அழிக்க அழிக்க ஓட்டைதான் வருது. கண்ணை மூடினா பேச்சித்தாய் கைதான் தெரியுது. செவ்வாக்கிழமைக்குள்ள குடுக்கணும். இன்னைக்கு வியாழன். கணக்குப் போட்டுப் பாத்தேன், அடுத்த பொங்கலுக்குத்தான் முடியும்."

"கைக்குப் பின்னால என்ன இருந்துச்சு?"

"செவருதான்."

"செவத்துல?"

ஆவுடை யோசித்தாள். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் அரை வருஷம் உட்கார்ந்து பார்த்த சுவர். இப்போது எட்டு வருஷமாகத் தினமும் பெருக்குகிற அறை.

"தெரியலையே டீச்சர்."

டீச்சர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசையில் வைத்தாள். நடுவில் கிழித்தாள். ஓட்டை வழியே மேசையின் பழைய மரம் தெரிந்தது. பிறகு மீசைக்காரரின் அச்சிட்ட படத்தை எடுத்துத் தாளுக்கு அடியில் தள்ளினாள். அதே ஓட்டை வழியே மீசை தெரிந்தது.

"கீழ நீங்க ஒண்ணுமே வைக்கல" என்றாள்.

ஆவுடை மீசையைப் பார்த்தாள். முதல் வாரமே டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆள் நிற்கிற ஷாட்டை எடுக்கும் முன்னால், ஆள் இல்லாத காலி இடத்தை எடு. அதை அடியில் போடு. பிறகு மேலே எதை அழித்தாலும் அடியில் இருப்பது தெரியும். எல்லாரும் நோட்டில் எழுதினார்கள். ஒருத்தியும் செய்யவில்லை. ஒன்றுமில்லாததை யார் படம் எடுப்பார்கள்?

"காலி இடத்தை எடுத்துட்டு வாங்க" என்றாள் டீச்சர். "அப்புறம் பேரை அடிக்கேன்."

*

மறுநாள் சாயங்காலம் கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் போனதும் ஆவுடை மூணுகால் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு எட்டாம் வகுப்புக்குள் போனாள்.

ஸ்டாண்ட் நின்ற இடத்தில், முதல் ஷாட் எடுத்த அன்றே, சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டு வைத்திருந்தாள். டீச்சர் சொல்லித் தந்தது அது. இடம் ஒரு விரல் தள்ளினாலும் காலி ஷாட் மேலே உள்ள ஷாட்டோடு பொருந்தாது.

வட்டத்தைக் காணோம்.

குனிந்து பார்த்தாள். மண்டியிட்டுப் பார்த்தாள். பெஞ்சை நகர்த்தாமல் பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாள்.

"என்னத்தளா தேடுத?" வாசலில் பேச்சித்தாய்.

"கோடு போட்டிருந்தேன். எந்தச் சவமோ அழிச்சிருக்கு."

"எந்தச் சவம்? இந்த ரூமைப் பெருக்குறது யாரு?"

ஆவுடை எழுந்து நின்றாள்.

"தினமும் பெருக்குறது யாரு? திங்கக்கிழமை தண்ணி விட்டுக் கழுவினது யாரு? நான் பத்தாங்கிளாஸ். எனக்குக் கணக்கு வரும். சொல்லுளா."

பேச்சித்தாய் சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து போயின.

ஆவுடை குத்துமதிப்பாக ஸ்டாண்டை வைத்தாள். கொஞ்சம் இடது. இல்லை, கொஞ்சம் வலது. எடுத்துக்கொண்டு ஓடினாள்.

*

"பொருந்தல" என்றாள் டீச்சர்.

காலி அறையை அடியில் போட்டு மேலே பேச்சித்தாயின் கையை அழித்தால் கறுப்பு ஓட்டை போய்விட்டது, உண்மைதான். ஆனால் சுவரில் இருந்த தமிழ்நாட்டு வரைபடம் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இன்னொரு கன்னியாகுமரியைக் காட்டியது.

"அதே கிளாஸ்தான் டீச்சர். சத்தியமா."

"நின்ன இடம் வேற."

"கோட்டை நானே பெருக்கிட்டேன்."

டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது.

ஆவுடைக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் மறைக்க அவள் போஸ்டரைத் திறந்து காட்டினாள். அதையும் செவ்வாய்க்கிழமை கொடுக்க வேண்டும். நாலு வாரம் உழைத்திருந்தாள். நடுவில் பை. பையைச் சுற்றி ரோஜா. இரண்டு பக்கமும் மயில். மேலே சூரியன். கீழே கட்டம் கட்டமாகப் பேர்கள். உதவி பேச்சித்தாய். நன்றி தலைமை ஆசிரியர் அவர்கள். டீக்கடை தந்தவர், நைலான் நூல் தந்தவர், ஒட்டடைக் கம்பு தந்த பள்ளி நிர்வாகம்.

டீச்சர் வெகுநேரம் பார்த்தாள்.

"எடுத்தது யாரு?"

"எதை?"

"படத்தை."

ஆவுடை தேடினாள். மயிலின் வாலுக்கு அடியில்கூடத் தேடினாள்.

"இடம் பத்தல டீச்சர்" என்றாள் மெதுவாக.

டீச்சர் ஒரு மயிலைக் கிளிக் செய்து அழித்தாள். பிறகு இன்னொரு மயிலை. சூரியன். ரோஜா ஒவ்வொன்றாக. அந்த வால் வரைய ஆவுடைக்கு இரண்டு நாள் ஆயிற்று.

கடைசியில் பையும் அதைச் சுற்றி வெறும் வெள்ளையும் மிஞ்சின. டீச்சர் எழுந்துகொண்டாள். போகிற போக்கில் கேட்டாள்.

"அந்தக் கிளாஸ்ல நீங்க எங்க உக்காருவீங்க?"

"மூணாவது பெஞ்சு. ஓரத்துல."

"அங்கேருந்து பாத்தா என்ன தெரியும்?"

"அது எப்படி டீச்சர் ஞாபகம் இருக்கும்? முப்பத்துநாலு வருசம் ஆச்சு."

"போய் உக்காந்து பாருங்க."

*

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. சத்துணவுக் கூடத்துச் சாவியோடு வகுப்பறைச் சாவியும் பேச்சித்தாயின் முந்தானையில் இருக்கும். அவளைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள் ஆவுடை.

"திங்கக்கிழமை காலையில வெள்ளையடிக்க ஆள் வருது, தெரியுமா?" என்றாள் பேச்சித்தாய் பூட்டைத் திறந்துகொண்டே. "ஆண்டு விழாவுக்கு எல்லாக் கிளாஸும் பச்சை பெயிண்டு. செவத்துல உள்ளதெல்லாம் கழட்டிருவாக. நாளைக்கு நான் ஊர்லயும் இருக்க மாட்டேன்."

ஆவுடை விரல்விட்டு எண்ணினாள்.

அப்படியென்றால் இன்றுதான். இன்றும் மூன்று மணிக்குத்தான். முதல் ஷாட் எடுத்தது ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு. வெயில் அதே மாதிரி விழ வேண்டும். இன்று மேகம் வந்தால்? போனில் சார்ஜ் இறங்கினால்? போனில் இடம் இல்லாமல் போனால்? பேரன் பிறந்தநாள் வீடியோ இரண்டை அழித்தாள். மனசு கேட்காமல் ஒன்றைத் திரும்ப எடுத்து வைத்தாள். ஸ்டாண்டின் ஒரு கால் ஆடுகிற மாதிரி இருந்தது. வானத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு மேகம், கோயில் கோபுரத்துக்கு மேலே. அது எந்தப் பக்கம் நகர்கிறது?

"உக்காரேன்ளா. இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு" என்றாள் பேச்சித்தாய்.

ஆவுடை மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

பெருக்கியிருக்கிறாள், துடைத்திருக்கிறாள், இந்த பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிள்ளைகள் ஒட்டிய சூயிங்கத்தைச் சுரண்டியிருக்கிறாள். எட்டு வருஷத்தில் ஒரு தடவை உட்கார்ந்ததில்லை.

முழங்கால் இடித்தது. பெஞ்சு சின்னது. இல்லை, அவள்தான்.

எதிரே சுவர். ஒரு விரிசல் மேலேயிருந்து இறங்கி, பாதியில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று சன்னலுக்குப் போயிற்று. தமிழ்நாட்டு வரைபடத்தின் வலது மூலை கிழிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி நீளமாகத் துருத்திக்கொண்டிருந்தது. ஆணியின் நுனி சரியாக வரைபடத்தின் கிழிசலைத் தொடுகிற மாதிரி தெரிந்தது.

போனை எடுத்துப் பழைய ஷாட்டைப் பார்த்தாள்.

அதிலும் ஆணியின் நுனி கிழிசலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தாள். ஆணி விலகிவிட்டது. நிமிர்ந்தாள். தொட்டது. எழுந்து நின்றாள். விலகிவிட்டது. உட்கார்ந்தாள். தொட்டது.

அன்றைக்கு அவள் எதையும் யோசித்து ஸ்டாண்டை வைக்கவில்லை. எங்கே வைத்தால் நன்றாக இருக்கும் என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் இந்த இடத்துக்கு நேர் பின்னால், இதே கண் மட்டத்தில் வைத்திருக்கிறாள்.

கரும்பலகையின் மூலையில் நேற்று எழுதியது அழியாமல் இருந்தது. பதிவு 31. வருகை 29.

"நீ போன பொறவு," என்றாள் பேச்சித்தாய் திடீரென்று. அவள் இரண்டாவது பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். "பத்து நாள் உன் பேரைக் கூப்பிட்டாரு கணக்கு சாரு."

"எதுக்கு?"

"எதுக்கா? நோட்டுல இருந்துச்சு, கூப்பிட்டாரு. முதப் பேரே உன் பேருதானே. ஆவுடையம்மாள்னுவாரு. நான் எந்திரிச்சு, ஆடு மேய்க்கப் போயிருக்கா சார்னுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. மறுநாளும் கூப்பிடுவாரு."

"பொறவு?"

"பதினோராம் நாள் சிவப்பு மையால ஒரு கோடு. பன்னெண்டாம் நாள்லேருந்து முதப் பேரு அழகம்மா."



"இத ஏன் இத்தனை வருசம் சொல்லல?" என்று கேட்டாள் ஆவுடை.

"நீ கேக்கலையே" என்றாள் பேச்சித்தாய். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். "நாள் பூரா கேஸை அணைச்சியா, அண்டாவைக் கவுத்தியான்னு கேப்ப. இத ஒரு நாளும் கேக்கல."

மூன்று மணி ஆயிற்று. மேகம் கோபுரத்தைத் தாண்டி வேறு ஊருக்குப் போய்விட்டது.

ஸ்டாண்டைத் தன் இடத்துக்கு நேர் பின்னால் வைத்தாள். உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரம். ஆணி கிழிசலைத் தொட்டது. பேச்சித்தாயைப் பெஞ்சிலிருந்து எழுப்பிச் சத்துணவுக் கூடத்துக்கு அனுப்பினாள். போனைத் தட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, படத்தில் விழாமல் பின்பக்கமாகவே நடந்து, பக்கத்து வாசல் வழியாக வராந்தாவுக்குப் போய்ச் சுவரோரம் ஒண்டிக்கொண்டாள். ஒரு நிமிஷம். அறுபது வரை எண்ண வேண்டும். அறைக்குள் ஒரு ஈ, எறும்பு இருக்கக் கூடாது.

ஆறு எண்ணும்போது ஆடு வந்தது.

செவலை ஆடு. யார் வீட்டு ஆடோ. மைதானத்தைத் தாண்டி வராந்தாப் படியேறி, நேராக எட்டாம் வகுப்பு வாசலைப் பார்த்து, ஏதோ அதன் பேரை உள்ளே கூப்பிட்ட மாதிரி நடந்து வந்தது.

"ஏ, போ" என்றாள் ஆவுடை உதட்டை அசைக்காமல்.

ஆடு போகவில்லை.

கத்த முடியாது. துரத்தினால் உள்ளேதான் ஓடும். பதின்மூன்று வயதில் கற்றது மறக்குமா? இரண்டு எட்டில் வாசலுக்கு வந்து, நிலையில் இரண்டு கையையும் ஊன்றி, வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். முகம் ஆட்டைப் பார்த்து. முதுகு வகுப்பைப் பார்த்து.

"எனக்குன்னு வந்து பொறந்திருக்கு பாரு" என்று மனசுக்குள் திட்டினாள்.

ஆடு அவளைப் பார்த்தது. அவள் ஆட்டைப் பார்த்தாள். அறுபது எண்ணி முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் நகரவில்லை.

*

திங்கட்கிழமை அவள் மாடிப்படி ஏறும்போது வழக்கம்போல மூன்றரை. சேலை முந்தானையில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

காலி அறையை அடியில் போட்டாள். மேலே பேச்சித்தாய் நின்ற பக்கத்தை, ஒவ்வொரு படமாக இல்லாமல், ஒரே வெட்டாக அழித்தாள்.

பேச்சித்தாய் போனாள். வளையல் போனது. கம்பு போனது. ஓட்டை இல்லை, கட்டு இல்லை, ஒரே ஒரு கன்னியாகுமரி. மஞ்சள் பை தானாக அறைக்குள் மிதந்து வந்தது.

"யக்கா!" என்று கத்தினாள் ஜெமிலா. எட்டுப் பேரும் ஓடிவந்தார்கள். யாரோ அவள் முதுகில் அடித்தார்கள். "எங்கக்கா கம்பு? எங்கக்கா கையி?"

பை மூன்றாவது பெஞ்சுக்கு வந்தது. மெல்ல இறங்கியது. உட்கார்ந்தது.

அப்போதுதான் ஆவுடை அதைப் பார்த்தாள்.

பேச்சித்தாய் நின்றிருந்த இடத்தில், அவளை அழித்த இடத்தில், தரையில் ஒரு நிழல் வந்து விழுந்தது. வாசல் பக்கமிருந்து. ஒரு பெண்ணின் நிழல். இரண்டு கையையும் நிலையில் ஊன்றியிருந்தது. வந்து நின்றது. படம் முடிகிறவரை போகவே இல்லை.

சிரிப்பு அடங்கிவிட்டது.

"போச்சு" என்றாள் ஆவுடை.



"ஆடு வந்துச்சு டீச்சர். மறிச்சு நின்னேன். முதுகுக்குப் பின்னால வெயில் என்ன செய்யும்னு யோசிக்கலை. இனிம எடுக்கவும் முடியாது. செவரெல்லாம் பச்சை. மேப்பைக் கழட்டிட்டாக. ஆணியைப் பிடுங்கிட்டாக. நான் கண்ணால பாத்துட்டுத்தான் வாரேன்." அவள் திரையில் விழுந்த நிழலைத் தொட்டுக் காட்டினாள். "காலி இடத்தை எடுத்துட்டு வாங்கன்னீங்க. காலியா இல்ல. நடுவுல நான் விழுந்து கெடக்கேன்."

கனி டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். படத்தை முதலிலிருந்து ஓட்டினாள்.

ஆணியிலிருந்து பை இறங்கியது. தெருவில் போனது. டீக்கடையில் நின்றது. வகுப்புக்குள் வந்தது. உட்கார்ந்தது. நிழல் வந்தது.

திரும்பவும் ஓட்டினாள்.

"பை எப்ப வந்துச்சு?" என்றாள்.

"முதல்ல."

"இது?"

"அதுக்குப் பொறவு."

"எவ்வளவு பொறவு?"

ஆவுடை வாயைத் திறந்தாள். எத்தனை நொடி என்று சொல்லத்தான் திறந்தாள். நாக்கில் வந்தது முப்பத்துநாலு.

டீச்சர் கடைசி இடத்தில் படத்தை நிறுத்தினாள். மேசை இழுப்பறையைத் திறந்து வருகை நோட்டை எடுத்தாள். சிவப்புப் பேனாவையும் எடுத்து, மூடியைக் கழற்றினாள்.

"பேரை அடிக்கச் சொன்னீங்களே" என்றாள்.

ஆவுடை திரையைப் பார்த்தாள். நின்றுபோன படத்தில் மஞ்சள் பை பெஞ்சில் இருந்தது. நிழல் தரையில் இருந்தது. கரும்பலகையின் மூலையில், முதல் ஷாட் எடுத்த நாளிலிருந்தே, இத்தனை நாள் அழித்தும் ஒட்டியும் அவள் கண்ணில் படாமல், சாக்பீஸ் எழுத்து இருந்தது.

பதிவு 31. வருகை 30.

மணி நாலேகால். யாரும் இந்த நேரத்தில் பேர் கூப்பிடுவதில்லை. டீச்சர் நோட்டைத் திறந்து, பேனாவை முதல் வரிக்கு நேரே பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல் கூப்பிட்டாள்.

"ஆவுடையம்மாள்."

ஜெமிலா அவளைப் பார்த்தாள். எட்டுப் பேரும் பார்த்தார்கள்.

பெரியவர்கள் படிக்கிற வகுப்பு அது. எழுந்து நிற்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. ஆவுடை எழுந்து நின்றாள். பெயிண்ட் பட்ட முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உள்ளேன் டீச்சர்."